பஸ்ஸுக்காக நிற்பது எப்படி? பெரம்பூருக்கும் லஸ்ஸுக்கும் இருபத்திரண்டு வருடம் போய்வந்தவள் சொல்வது

ஜூன் மாதம் என் தங்கை மகள் வேலைக்காக மன்னார்குடியிலிருந்து சென்னை வந்தாள். ஓட்டேரியில் பெண்கள் விடுதி, அடையாறில் ஆடிட்டர் ஆபீஸ். மூன்றாவது நாள் காலை எட்டே முக்காலுக்கு போன் வந்தது. "பெரியம்மா, அம்பது நிமிஷமா நிக்கிறேன். எனக்கு வேண்டிய பஸ் ஒண்ணுகூட வரல. எல்லாரும் ஏதோ ஒண்ணுல ஏறிப் போயிட்டாங்க, நான் மட்டும்தான் நிக்கிறேன்." குரல் உடைந்துவிட்டது.

அன்று மாலை அவளை வீட்டுக்கு வரச் சொல்லி, தோசை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பெரம்பூரிலிருந்து தினமும் போய்வருகிறேன். வயது ஐம்பத்தொன்று, முழங்கால் வலி உண்டு. நிற்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

முதலில் ஊர்ப் பழக்கத்தை விட வேண்டும். மன்னார்குடியில் பஸ்ஸுக்கு நேரம் உண்டு. "எட்டு பத்து வண்டி" என்று பேரே இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சென்னை நகரப் பேருந்துக்கு, நிறுத்தத்தில் நிற்கிற நமக்குத் தெரிகிற மாதிரி நேரம் கிடையாது, இடைவெளிதான் உண்டு. "எட்டு பத்துக்கு வரும்" என்று எதிர்பார்த்து நின்றால் தினமும் ஏமாற்றம்தான். "இந்த நேரத்தில் சாதாரணமாக எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, மோசமான நாளில் எவ்வளவு ஆகிறது?" இந்த இரண்டும் தெரிந்தால் போதும். இதை யாரும் நமக்கு எழுதித் தரமாட்டார்கள். நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரம் எழுதுங்கள்

தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிறோம் இல்லையா, அதன் பின்பக்கம் போதும். நிறுத்தத்துக்கு வந்த நேரத்தை மேலே எழுதுங்கள். உங்கள் எண் வண்டி ஒவ்வொன்றும் வந்த நேரத்தை அதற்குக் கீழே எழுதுங்கள். ஏறாமல் விட்ட வண்டியையும், நிற்காமல் போன வண்டியையும் சேர்த்துத்தான். பத்து நாள் செய்தால் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

என் பழைய தாள் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு புதன்கிழமை மாலை, லஸ்ஸில் எழுதியது: 6.12, 6.14, 6.41, 6.43, 6.44, 7.10. முதலில் இதைப் பார்த்தபோது யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் மூன்று வண்டி வரிசையாக. நகரப் பேருந்தில் போகிற எல்லோரும் திட்டுகிற விஷயம் இதுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் போகிற வண்டி ஒரு சிக்னலில் ஐந்து நிமிடம் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி இறங்கி, டிக்கெட் வாங்க, இன்னும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற வண்டிக்கோ நிறுத்தமெல்லாம் காலி. நிற்க வேலை இல்லாமல் வேகமாக வந்து முன் வண்டியைப் பிடித்துவிடும். இரண்டு வண்டியும் சரியான இடைவெளியில்தான் கிளம்பியிருக்கும், யார் மேலும் தப்பு இருக்காது, ஆனாலும் ஒட்டிக்கொள்ளும். 1964-லேயே நியூவெல், பாட்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும்கூட இதே கதைதான்.

இதனால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்று நானே ஒருநாள் போட்டுப் பார்த்தேன். மணிக்கு நான்கு வண்டி, பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், எப்போது போய் நின்றாலும் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்போம். அதே நான்கு வண்டி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை வந்தால், சராசரி பதினைந்து நிமிடம். வண்டி எண்ணிக்கை குறையவே இல்லை, நம் காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு.

இதிலிருந்து உடனே பயன்படுகிற ஒரு பாடம்: நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிற முதல் வண்டியில் படியில் தொங்கிக்கொண்டு ஏறாதீர்கள். பெரும்பாலும் பின்னாலேயே இன்னொன்று இருக்கும், அதில் உட்கார இடமும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் பின் படியில் நிற்கிற கண்டக்டரைப் பார்த்து, "அண்ணே, பின்னாடி வண்டி வருதா?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும். கையைப் பின்பக்கம் காட்டினால் நிம்மதியாக நில்லுங்கள். தலையாட்டி "ஏறும்மா" என்றால் ஏறிவிடுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்விக்கு எனக்குத் தப்பான பதில் வந்தது மிகக் குறைவு.

பலகையைப் படிக்கிற விதம்

எண்ணை மட்டும் பார்த்து ஓடக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் "கட்" என்று இருந்தால் அது கட் சர்வீஸ், கடைசி வரை போகாது. பாதியில் திரும்பிவிடும். "பணிமனை" என்று இருந்தால் டெப்போவுக்குப் போகிற வண்டி. எலக்ட்ரானிக் பலகையில் எழுத்து மாறி மாறி ஓடும், வெயில் நேராக அடித்தால் ஒன்றுமே தெரியாது. அப்போது முன் கண்ணாடியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்காமல், ஓர் அடி பின்னால் போய், வண்டியின் இடது பக்கப் பலகையைப் பாருங்கள். அங்கே நிழல் இருக்கும்.

கட் சர்வீஸை வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது. என் தங்கை மகள் அன்று ஐம்பது நிமிடம் நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஓர் எண். அடையாறு வரை நேராகப் போகிற வண்டி வரவில்லை. ஆனால் பாதி தூரம் போகிற வண்டிகள் நாலைந்து அவள் கண் முன்னாலேயே போயிருக்கின்றன. சந்திப்பு மாதிரியான பெரிய நிறுத்தம் வரை போய் இறங்கிவிட்டால், அங்கே நமக்கு உதவுகிற எண்கள் மூன்று மடங்கு ஆகிவிடும். சிறிய நிறுத்தத்தில் ஓர் எண்ணை நம்பி நிற்பதைவிட, பெரிய நிறுத்தத்தில் ஐந்து எண்களை நம்பி நிற்பது மேல். உங்கள் வழியில் அப்படிப்பட்ட இரண்டு நிறுத்தங்களின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் நமக்கு டிக்கெட் காசு கிடையாது. விடியல் பயணம் என்று பெயர். முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த வண்டிகள் தூரத்திலேயே தெரியும். மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம் வாங்குகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். எங்கள் கடையில் துடைத்துப் பெருக்குகிற அம்மா அந்தக் காசில்தான் பேரனுக்குப் பால் வாங்குகிறார். அதனால் காசு கொடுக்க வேண்டிய டீலக்ஸை விட்டுவிட்டு சாதாரண வண்டிக்கு நிற்கிறவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. நான் வைத்திருக்கிற வழக்கம் இது: மாலையில் சாதாரண வண்டிக்கு நிற்பேன். காலையில், நேரம் எட்டே கால் தாண்டிவிட்டால், எது வந்தாலும் ஏறிவிடுவேன். அதற்காகப் பர்ஸின் தனி அறையில் சில்லறையாக நாற்பது ரூபாய் எப்போதும் இருக்கும். வேறு எதற்கும் அதை எடுக்கமாட்டேன்.

எங்கே நிற்பது

நிழற்குடைக்கு நேராக வண்டி நிற்கும் என்று நினைக்காதீர்கள். நிழற்குடை முன்னால் ஷேர் ஆட்டோ நிற்கும். வண்டி இருபது அடி தள்ளித்தான் நிற்கும், சில சமயம் நடுரோட்டில். தினமும் வருகிறவர்கள் எங்கே கூட்டமாக நிற்கிறார்கள் என்று பாருங்கள், அதுதான் உண்மையான நிறுத்தம். வண்டி தூரத்தில் தெரிந்ததும் டிரைவரைப் பார்த்துக் கையை நன்றாக நீட்ட வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரை, வேறு வண்டிக்கு நிற்கிறார் என்று டிரைவர் நினைத்துக்கொள்வார்.

இப்போது மெட்ரோ வேலை வேறு. நான் போகிற 29சி வண்டியின் பாதை பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், ஸ்டெர்லிங் ரோடு, ஜெமினி, லஸ், அடையாறு, பெசன்ட் நகர். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வருகிற மூன்றாம் வழித்தடத்தைப் படத்தில் பாருங்கள். பெரம்பூரிலிருந்து அடையாறு வரை கிட்டத்தட்ட இதே பாதைக்கு அடியில்தான் போகிறது. நாம் மேலே போகிற வழியெல்லாம் கீழே நிலையம் கட்டுகிறார்கள். அது முடிந்தால் எங்களுக்கு விடிவு, நான் மனதார எதிர்பார்க்கிறேன். அதுவரை தடுப்புத் தகரம் நகரும்போதெல்லாம் நிறுத்தமும் நகரும். வெள்ளிக்கிழமை நின்ற இடத்தில் திங்கட்கிழமை நிற்காது. அதனால் திங்கள் காலை ஐந்து நிமிடம் முன்னாலேயே போய், நிறுத்தம் அங்கேயேதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாரிடம் கேட்பது? பக்கத்தில் நிற்கிற பயணியிடம் கேட்காதீர்கள், அவரும் நம்மைப் போலத்தான். நிறுத்தத்தில் கடை போட்டிருப்பவரிடம் கேளுங்கள். என் நிறுத்தத்தில் ஒரு பூக்கார அக்கா. கூடையைத் தலைகீழாகப் போட்டு, மேலே ஈரச் சாக்கு விரித்து, முழம் போட்டுக்கொண்டே இருப்பார். நிமிர்ந்தே பார்க்கமாட்டார். ஆனால், "அக்கா, இருபத்தொம்போது போச்சா?" என்று கேட்டால், நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "இப்போதாம்மா ரெண்டு போச்சு, உக்காரு" என்பார். சத்தத்தை வைத்தே சொல்கிறார் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் "உக்காரு" என்று சொன்னால் இருபது நிமிடம் ஆகும். "நில்லு" என்று சொன்னால் வண்டி வருகிறது. தினமும் பத்து ரூபாய்க்கு மல்லி வாங்குகிறேன். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போவது முறையில்லை.

பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரத்தில் இருந்தால் அங்கேயே போய் ஏறுவது நல்லது. உட்கார இடம் கிடைக்கும். டைம் கீப்பர் அறையில் கேட்கலாம். ஆனால் "எப்போ சார் வரும்?" என்று கேட்டால் அவருக்கே தெரியாது, "வரும்மா" என்பார். "லஸ் பக்கம் போற வண்டி உள்ள எத்தனை நிக்குது சார்? அடுத்த நடை எது?" என்று கேளுங்கள், விரல் நீட்டிக் காட்டுவார். அப்புறம் ஒன்று, மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை டிரைவர், கண்டக்டர் ஷிஃப்ட் மாறுகிற நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி, பேங்க் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இருபது நிமிட எல்லை

நான் சொல்வதில் இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. நிறுத்தத்துக்கு வந்ததும் மணி பாருங்கள். எத்தனை நிமிடம் நிற்கப் போகிறீர்கள் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். எனக்கு இருபது. அது முடிந்ததும் நகர்ந்துவிட வேண்டும்.

ஏன் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்றால், நாற்பது நிமிடம் நின்ற பிறகு நம்மால் முடிவு எடுக்க முடியாது. "இவ்வளவு நேரம் நின்னாச்சு, இப்போ போனா உடனே வந்துரும்" என்று மனசு சொல்லும். நின்ற நாற்பது நிமிடம் போய்விட்டது, அது பஸ்ஸைக் கொண்டுவராது. 2015 டிசம்பர் மழையின்போது நான் லஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். ரோட்டில் முழங்கால் தண்ணீர். வண்டி வர வழியே இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தும் நகரவில்லை, காரணம் ஏற்கெனவே நின்றுவிட்டேன் என்பது மட்டும்தான். வீட்டில் அப்போது மாமியார் படுக்கையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்துதான் இந்த எல்லை.

எல்லை வைத்தால் மாற்று வழியும் கையில் இருக்க வேண்டும். அதையும் நிறுத்தத்தில் நின்று யோசிக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரம் இல்லாதபோது, ஒருமுறை போய்ப் பாருங்கள். எனக்கு பெரம்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்து சென்ட்ரல், ரோட்டைத் தாண்டிப் பறக்கும் ரயில், திருமயிலையில் இறங்கினால் லஸ் நடக்கிற தூரம். படிக்கட்டுதான் முழங்காலுக்குக் கஷ்டம், அதனால் இதை முதல் வழியாக வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், கடை திறக்கிற நேரத்துக்குப் போய்விடலாம் என்றும் தெரியும். அது தெரிந்ததாலேயே நிறுத்தத்தில் நிற்கும்போது படபடப்பு இல்லை.

போனில் பார்ப்பது பற்றி. 2022-லிருந்து "சென்னை பஸ்" செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். 2025 செப்டம்பரில் வந்த "சென்னை ஒன்" செயலியில் பஸ், லோக்கல் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட்டே எடுக்கலாம். பயன்படுத்துங்கள், ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டு நம்பாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். வண்டியைக் காட்டுகிற புள்ளி நகர்ந்திருந்தால் அந்த வண்டி உண்மையிலேயே வருகிறது. அப்படியே நின்றால், சிக்னலில் நிற்கலாம், பிரேக் டவுன் ஆகியிருக்கலாம், வண்டி இருக்கிற இடத்தைச் சொல்கிற கருவி வேலை செய்யாமலும் இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பார்ப்பதுதான் அதிகம் பயன்.

உடம்பையும் கவனிக்க வேண்டும்

இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். பஸ் எப்போது வருமோ, வழியில் கழிப்பறை இருக்குமோ என்று பயந்து, மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனையோ பேர். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன், சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் ஊசி போட்டுக்கொண்டேன். தண்ணீர் குடியுங்கள். கடையிலிருந்து கிளம்பும் முன் கழிப்பறை போய்விட்டு வாருங்கள், அவசரம் இல்லை என்று தோன்றினாலும். வழியில் சுத்தமாக இருக்கிற இடம் எது, பெரிய ஸ்டேஷனா, ஜவுளிக் கடையா, ஓட்டலா என்று இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள், பையைத் தோள் மாற்றிக்கொண்டே இருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிற தாழ்தளப் பேருந்து உங்கள் வழியில் எப்போது வருகிறது என்று அந்தக் காலண்டர் தாளில் தனியாகக் குறியுங்கள். அந்த வண்டி நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழும். எனக்கு அதில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியதே இல்லை. அதற்காகப் பத்து நிமிடம் கூடுதலாக நிற்பேன்.

இரவு எட்டரைக்கு மேல் தனியாக நிற்க வேண்டி வந்தால், நிழற்குடையில் நிற்காதீர்கள். வெளிச்சம் உள்ள மருந்துக் கடை, டீக்கடை முன்னால் நில்லுங்கள், வண்டியைப் பார்த்ததும் முன்னால் வரலாம். ஏறியதும் வண்டியின் பதிவெண்ணை வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.

ஏதாவது குறை சொல்ல வேண்டி வந்தால், "பஸ்ஸே வர்றதில்ல" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காலண்டர் தாள்தான் இங்கேயும் உதவும். நாங்கள் ஆறு பேர் ஒருமுறை மூன்று வாரத்துக் குறிப்பைச் சுத்தமாக எழுதி, எந்த நிறுத்தம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எவ்வளவு இடைவெளி என்று ஒரே பக்கத்தில் டெப்போவில் கொடுத்தோம். வாங்கிக்கொண்ட அதிகாரி முழுதாகப் படித்தார். "இது மாதிரி யாரும் கொடுக்கறதில்லம்மா" என்றார். அடுத்த மாதம் காலை வண்டி ஒன்று கால் மணி நேரம் முன்னால் வர ஆரம்பித்தது.

என் தங்கை மகள் இப்போது விடுதி அறைக் கதவின் பின்பக்கம் தாள்களை ஒட்டிவைத்திருக்கிறாள். போன வியாழக்கிழமை ஒன்றை போட்டோ எடுத்து அனுப்பினாள். 8.06, 8.07. கீழே பென்சிலில், "முதல் வண்டி ஃபுல், விட்டுட்டேன். ரெண்டாவதுல ஜன்னல் சீட்."